குளறுபடியா, ரகளையா, களேபரமா: மினிட்ஸ் நோட்டில் எதை எழுதுவது?

141 என்று அச்சடித்த மஞ்சள் சீட்டு இரண்டு பேர் கையில் இருந்தது. வம்பு அங்கேதான் தொடங்கியது. பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் எங்கள் அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பங்கள் எண்பதுக்குக் குறையாது. வருஷா வருஷம் பொங்கல் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை மாடி ஹாலில் இலை போட்டுச் சாப்பாடு, அதற்கு முன்கூட்டியே பணம் வாங்கிச் சீட்டுக் கொடுத்துவிடுவது வழக்கம். இந்த முறை சீட்டு அடித்த தம்பி முதலில் 150 அடித்தான், பிறகு ஆள் கூடிவிட்டது என்று இன்னொரு கட்டு அடித்தான், அந்த இரண்டாவது கட்டு 151-இல் தொடங்க வேண்டியது 101-இல் தொடங்கிவிட்டது. ஆக, 101 முதல் 150 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு சொந்தக்காரர்கள். முதல் பந்தி நூறு பேர், அதில் ஒரு தொல்லையும் இல்லை. இரண்டாம் பந்திக்கு எண்ணைப் பார்த்து உள்ளே விட ஆரம்பித்ததும் குட்டு உடைந்தது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே இலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இலையில் வடையும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்தாகிவிட்டது, சாதம் இன்னும் வரவில்லை. இரண்டு பேரும் உட்காரவில்லை, நாற்காலியை விடவுமில்லை. பின்னால் மூன்றாம் பந்திக்காரர்கள் வேறு இடம் பிடிக்க நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பந்திக்கு முந்து என்று சொல்லி வளர்த்த கூட்டம்தானே. கோயம்புத்தூர்க்கார அண்ணன் ஒருவர் சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, காசு குடுத்துத்தானுங்க வாங்கினோம்" என்று ஆரம்பித்தவர், மரியாதை ஒரு சொட்டுக் குறையாமல் குரலை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார். படியில் பாயச வாளியோடு வந்த பையனை யாரோ இடித்ததில் வாளி சாய்ந்து, ஏழெட்டுப் படிக்குச் சேமியா. இத்தனையும் நடக்கும்போது மேடையில் பிள்ளைகள் கும்மி அடித்துக்கொண்டிருந்தார்கள், பாட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. எல்லோரும் சாப்பிட்டார்கள், சோறு மிஞ்சவும் மிஞ்சியது.

அடுத்த வாரம் செயலாளர் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். ஐ.டி.ஐ டெலிபோன் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர், குழுவின் மினிட்ஸ் நோட்டை இத்தனை வருஷமும் தன் கையாலேயே எழுதி வந்தவர். கண் ஆபரேஷன் ஆனதால் இந்த முறை அது என் தலையில் விழுந்தது. "ஏம்மா, நீ தமிழ்லயே வேலை பாக்கவ, நீயே எழுதிரு" என்றார். என் வேலை செல்போன் செயலிகளில் வரும் வாசகங்களைத் தமிழில் போடுவது. "இரண்டாம் பந்தியின்போது" என்று எழுதி, கொஞ்சம் இடம் விட்டு, "ஏற்பட்டது" என்று முடித்தேன். நடுவில் விட்ட இடத்தில் என்ன சொல் போடுவது என்று தெரியாமல் இரண்டு நாள் போயிற்று. சின்ன விஷயம்தான். ஆனால் அந்த நோட்டை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். படித்ததைக் கேட்டுவிட்டு அந்தத் தம்பியும் அந்த அண்ணனும் அடுத்த பொங்கலுக்கும் இதே ஹாலில்தான் உட்கார வேண்டும்.

வாட்ஸாப் குழுவில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு சொல் வந்து விழுந்தது: குழப்பம், குளறுபடி, ரகளை, கலாட்டா, அமளி, களேபரம், அலங்கோலம், கலவரம், தாறுமாறு, ஒழுங்கீனம், அராஜகம், கூத்து. பத்தாதற்கு ஒரு மாமி "கந்தரகோளம்" என்று குரல் செய்தி அனுப்பினார். அதை எப்படி எழுதுவது மாமி என்று கேட்டால், "அது எழுதறதுக்கு இல்லடி, சொல்றதுக்கு" என்றார்.

முதலில் நான் செய்தது தப்பான வேலை. இந்தப் பன்னிரண்டையும் காய்ச்சல் அளக்கிற மாதிரி அளவுப்படி வரிசை போடப் பார்த்தேன். சின்னது கலாட்டா, கொஞ்சம் ஏறினால் ரகளை, இன்னும் ஏறினால் அமளி, உச்சியில் கலவரம் என்று. நாலாவது சொல்லோடு வரிசை படுத்துவிட்டது. அலங்கோலத்தை எங்கே வைப்பது? ஆளே இல்லாத அறை அலங்கோலமாகக் கிடக்கும். குளறுபடியோ சத்தமே இல்லாமல் நடக்கும், மளிகைக் கணக்கிலும் நடக்கும், மாநிலம் முழுக்க எடுக்கிற கணக்கிலும் நடக்கும், இரண்டுக்கும் ஒரே சொல்தான். அப்புறம்தான் உறைத்தது. இந்தச் சொற்கள் எவ்வளவு கெட்டது என்று அளப்பதில்லை, எது கெட்டது என்று சொல்கின்றன, கூடவே யாரால் என்றும் காதோடு சொல்லிவிடுகின்றன. நோட்டில் எழுதப் போகிறவளுக்கு அந்த இரண்டாவதுதான் பயம்.

குழப்பம் எல்லோர் வாயிலும் முதலில் வருவது. அடுப்பில் கொதிக்கிற குழம்பும் மனசு குழம்புவதும் ஒரே குடும்பம். இதற்கு எதிர்ப்பக்கம் தெளிவு. தண்ணீர் தெளிகிற மாதிரி மனசும் தெளிகிறது. அதனால் குழப்பம் என்று எழுதினால் யாருக்கோ ஏதோ புரியவில்லை என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். எங்கள் ஹாலில் புரியாத ஆள் ஒருவரும் இல்லை. 141-ஐக் கையில் வைத்திருந்த இரண்டு பேருக்கும் எந்த இலை தங்களுடையது என்பதில் கடுகளவும் குழப்பம் கிடையாது.

குளறுபடி வேறு. நாக்குக் குளறுகிறது என்றால் சொல்ல வந்தது ஒன்று, வாயிலிருந்து விழுவது ஒன்று. அதே குளறல் ஒரு பட்டியலிலோ கணக்கிலோ ஏற்பாட்டிலோ வந்தால் குளறுபடி. பத்திரிகையில் இந்தச் சொல் எப்படி வருகிறது என்று பாருங்கள்: வினாத்தாளில் குளறுபடி, வாக்காளர் பட்டியலில் குளறுபடி, ரேஷன் கார்டில் குளறுபடி. எப்போதும் ஒரு "இல்" போட்டு ஒரு தாளைக் காட்டும். செய்தவர் கெட்டவர் என்று சொல்லாது, கவனம் தப்பிவிட்டது என்று மட்டும் சொல்லும். எனக்கு ஆரம்பத்திலேயே இதன் மேல்தான் கண். ஒரே குறை, சீட்டைச் சொல்கிறது, படிக்கட்டில் கொட்டிய சேமியாவைச் சொல்லவில்லை.

அமளி என்று போடச் சொன்னவர் நாள் முழுக்கச் செய்தி பார்க்கிறவர், சந்தேகமே வேண்டாம். தமிழ்ச் செய்தியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் போகாது. மக்களவை விதிகளில் 375-ஆம் விதி, அவையில் கடுமையான ஒழுங்குக் குலைவு ஏற்பட்டால் சபாநாயகர் அவையை ஒத்திவைக்கலாம் என்கிறது. அந்த நீளமான சட்ட வாசகத்தைச் செய்தி ஆசிரியர் "கடும் அமளி, அவை ஒத்திவைப்பு" என்று நாலு சொல்லில் முடித்துவிடுகிறார். அவையில் இருப்பவர்கள் எழுந்து, கூடி, கத்தினால் அமளி. அந்தக் கூட்டத்துக்கு ஒரு மேடை வேண்டும், நடத்துகிற ஒருவர் வேண்டும், அவர் பேச்சு எடுபடாமல் போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால் பழைய தமிழில் அமளி என்றால் படுக்கை. மலர் அமளி என்று காப்பியத்தில் வந்தால் அது தூங்குகிற இடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறது. அவையிலேயே கண்ணயர்ந்துவிடுகிற உறுப்பினருக்கு இரண்டு பொருளும் பொருந்தும், அது வேறு கதை. எங்கள் ஹாலில் நடத்துகிறவர் என்று யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

கலவரத்தைச் சட்டென்று தள்ளிவிடலாம். "கலவரம் அடைந்தாள்", "முகத்தில் கலவரம்" என்று பயத்தைச் சொல்லும் நல்ல சொல் அது, இன்றைக்குச் செய்தித்தாளில் அது தீயும் கல்வீச்சும் ஊரடங்கும். ஆனாலும் அதைச் சொன்ன மாமாவைச் சொல்ல வேண்டும். சேலத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 141-ஆம் பிரிவுதான் சட்டவிரோதக் கூட்டம் என்றால் என்ன என்று சொல்கிற பிரிவு, ஐந்து பேர் சேர்ந்தால்தான் அது ஆகும், நம்ம சீட்டு நம்பரும் 141, பார்த்தீர்களா என்று குழுவில் எழுதினார். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது மாமா, இப்போது அது 189 என்று யாரோ பதில் போட்டார்கள். 189 நம்பர் சீட்டு ஒன்றுதான் இருந்தது, அந்தக் குடும்பம் அமைதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனது.

இனி பெங்களூருக்கு வருகிறேன், இங்கேதான் எனக்கு நேரம் பிடித்தது. எழுதப் போகிற நோட்டு தமிழ் என்றாலும் அதைக் கேட்கப் போகிற காதுகளில் பாதி கன்னடத்தில் ஊறியவை. எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா வருஷம் தவறாமல் எங்கள் பந்திக்கு வருவார், கூட்டத்துக்கும் வந்து உட்காருவார், பாதி புரியும்.

கலாட்டா என்ற சொல்லை அனுப்பியவர் ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்த அக்கா. அவருக்கு அது சரியான சொல்தான், ஏனென்றால் கன்னடத்தில் கலாட்டெ என்றால் சத்தம், கூச்சல். வகுப்பில் டீச்சர் "கலாட்டெ மாடபேடி" என்றால் பேசாமல் இருங்கள் என்று அர்த்தம், யாரும் யாரையும் அடித்திருக்க வேண்டியதில்லை. எனக்கோ மதுரைக் காது. எங்கள் பக்கம் கலாட்டாவில் ஒரு விளையாட்டு கலந்திருக்கும். மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவைப்பது கலாட்டா, பஸ்ஸில் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவது கலாட்டா, ரவுடி கடையில் காசு கொடுக்காமல் மிரட்டுவதையும் அப்படிச் சொல்வோம், ஆனால் சொல்லும்போதே கொஞ்சம் லேசாகிவிடும். பசியோடு நின்ற ஐம்பது பேரின் கோபத்தைக் கலாட்டா என்று எழுதினால் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடும்.

ரகளை இன்னும் சுவாரசியம். இங்கே அன்றாடக் கன்னடத்தில் ரகளெ என்றால் தலைவலி பிடித்த தொல்லை. வங்கியில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று மூன்று தடவை அலையவிட்டால் அது ரகளெ. ஆனால் அதே ரகளெ கன்னட இலக்கியத்தில் ஒரு பாவகையின் பெயரும்கூட. ஹம்பியில் வாழ்ந்த ஹரிஹரன் என்ற கவி அந்தப் பாவகையில் சிவனடியார்கள் பலரைப் பாடினார், அதில் ஒன்று நம்பியண்ணன ரகளெ. நம்பியண்ணன் யார் என்றால் நம்ம சுந்தரமூர்த்தி நாயனார். சுந்தரர் கதை ஞாபகம் இருக்குமே. புத்தூரில் கல்யாணப் பந்தல், மணக்கோலத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார், ஒரு கிழவர் வந்து நீ எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டுகிறார், இவர் உமக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று கேட்டு ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார், கல்யாணம் அப்படியே நிற்க வழக்கு திருவெண்ணெய்நல்லூருக்குப் போகிறது. கையில் ஓர் ஓலையை ஆட்டிக்கொண்டு நியாயம் கேட்கிற ஆள், நடுவில் நின்றுபோன விசேஷம், சுற்றி வேடிக்கை பார்க்கிற சொந்தபந்தம். இது படித்ததிலிருந்து எங்கள் கோயம்புத்தூர் அண்ணனை மஞ்சள் சீட்டோடு பார்க்கும்போதெல்லாம் அந்தக் கிழவர் ஞாபகம்தான். கடைசியில் ஜெயித்ததும் அந்த ஓலைக்காரர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் அந்த அண்ணனுக்காகத்தான் ரகளையை விலக்க வேண்டியிருந்தது. தமிழில் ரகளைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் குடித்திருப்பார். "மதுபோதையில் ரகளை" என்று சேர்த்தே அச்சடித்து அச்சடித்துச் சொல்லிலேயே சாராய வாடை ஏறிவிட்டது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய மனுஷரை, "ஏனுங்க" என்று மட்டுமே கத்திய மனுஷரை, நோட்டில் ரகளைக்காரர் ஆக்க எனக்குக் கை வரவில்லை.

களேபரம் எனக்கு மிகவும் பிடித்த சொல், அதைத்தான் எழுதியிருப்பேன். கல்யாண வீட்டின் முதல் நாள், திருட்டுப்போன வீட்டின் காலை, ரயில் பிடிக்கப் போகிற குடும்பத்தின் கடைசிப் பத்து நிமிஷம், எல்லாவற்றுக்கும் பொருந்தும், யாரையும் குற்றம் சொல்லாது. எழுதிவிட்டு எதற்கும் எதிர்வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "சாப்பாட்டு வேளையில் களேபரம்" என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கன்னடத்தில் களேபர என்றால் பிணம். காட்டில் யானை செத்துக் கிடந்தால் கன்னடப் பத்திரிகை அந்தச் சொல்லைத்தான் போடும். தப்பு அவர் மேல் இல்லை, வடமொழியில் அது உடம்பு. பூரி ஜகந்நாதருக்குப் புது மரத்தில் புதுத் திருமேனி செய்து மாற்றுகிற சடங்குக்கு நவகளேபரம் என்றுதான் பெயர், கடைசியாக 2015-இல் நடந்தது, அதற்கு முன்னால் 1996-இல். நம்முடைய பழைய நூல்களிலும் களேபரம் உடம்புதான். உடம்பு எப்படிப் பேச்சுத் தமிழில் ஓட்டமும் அலறலும் ஆயிற்று என்று யோசித்தால் சாவு வீடுதான் கண்ணுக்கு வருகிறது, அது என் ஊகம், விட்டுவிடுங்கள். பந்தியில் பிணம் கிடந்ததாக ஒரு பக்கத்து வீட்டம்மா நினைத்துக்கொள்வதற்கு நான் காரணமாக முடியாது.

கூத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மும்பை செம்பூரில் இருக்கிற என் தங்கையிடம் போனில் இந்தப் புராணத்தைச் சொன்னபோது, மராத்தியில் இதற்குக் கோந்தள் என்று ஒரு சொல் இருக்கிறது அக்கா என்றாள். கோந்தள் என்பது அம்மனுக்காகக் கோந்தளிகள் ராத்திரி முழுக்க ஆடிப் பாடுகிற சடங்கு, கல்யாணம் நடந்த வீடுகளில் வைப்பார்கள். அதே சொல்தான் அங்கே கூச்சல் குழப்பத்துக்கும் பெயர். ஆட்டத்தின் பெயரைத் தூக்கிக் கந்தலுக்கு வைப்பதில் அவர்களும் நம்மைப் போலத்தான். "என்னடா கூத்து இது" என்று நாம் கேட்கிறபோது மேடை எங்கே இருக்கிறது? ஆனால் கூத்து என்றால் எழுதுகிறவள் நின்று வேடிக்கை பார்த்தாள் என்று ஆகிவிடும். உண்மையில் நான் வேடிக்கைதான் பார்த்தேன், அதற்காக அதை நோட்டில் ஏற்றுவார்களா?

அலங்கோலமும் தாறுமாறும் அதிக நேரம் எடுக்கவில்லை. அலங்கோலம் கண்ணுக்கானது, கலைந்த தலை, அவிழ்ந்த புடவை, போட்டது போட்டபடி கிடக்கிற வீடு. அதைப் பந்தி முடிந்த ஹாலுக்குச் சொல்லலாம், பந்திக்குச் சொல்ல முடியாது. தாறுமாறு திசை தப்பியதைச் சொல்கிறது, தாறுமாறாக ஓடிய லாரி என்று மட்டும்தான் ஒரு காலத்தில் படித்தோம். இப்போது அதை எழுதவே முடியாது. சீட்டு அடித்த தம்பியின் வயசுக்காரர்களிடம் "சாப்பாடு தாறுமாறு" என்றால் பிரமாதம் என்று அர்த்தம், சமையல்காரருக்கு இன்னொரு மாலை போடச் சொல்வார்கள்.

ஒழுங்கீனம் அண்ணாச்சியே சொன்னது. தொழிற்சாலையில் இருந்தவர், அவருக்கு அந்தச் சொல் நோட்டீஸ் போர்டில் பழக்கம். ஒழுங்கு என்ற தமிழோடு ஈனம் என்ற வடமொழியை ஒட்டிய சொல், ஒட்டும்போதே ஒரு குற்றப்பத்திரிகை தயாராகிவிடுகிறது: ஒழுங்கீனம் என்றால் அடுத்த வரியில் ஒழுங்கு நடவடிக்கை வந்தே ஆக வேண்டும், விளக்கம் கேட்டுக் கடிதம், பிறகு விசாரணை. "யாருக்கு மெமோ குடுக்கப் போறீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

அதையே ஒழுங்கின்மை என்று மாற்றினால் யார் மேலும் படாது, ஆனால் உயிரும் இருக்காது. பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்துக்குப் பொருத்தமான சொல், என்ட்ரோபி பாடத்தில். கிளாசியஸ் என்ற ஜெர்மானியர் 1865-இல் என்ட்ரோபி என்று பெயர் வைத்தார். கலைந்தது தானாக ஒழுங்காகாது என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம், எங்கள் வீட்டுத் துணி அலமாரி அதற்குச் சாட்சி. வேலை இடத்தில் எனக்குக் கைகொடுக்கிற கோளாறையும் யோசித்துப் பார்த்தேன். செயலி நின்றுபோனால் "ஏதோ கோளாறு ஏற்பட்டுள்ளது" என்று ஒரு வரி போட்டால் போதும், யாருடைய கோளாறு என்று யாரும் கேட்பதில்லை. இயந்திரமும் வயிறும் தூக்கமும் கெட்டால் கோளாறு, மனுஷர்கள் மோதிக்கொண்டால் இல்லை. போகிற போக்கில்: சம்பந்தர் பாடியது கோளறு பதிகம், கோள்களால் வரும் தீங்கை அறுப்பது; அதைக் கோளாறு பதிகம் என்று சொல்கிறவர்களைத் திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்துவிட்டது.

மிச்சம் இருந்தது அராஜகம். அனுப்பியவர் வேறு யாருமில்லை, கோயம்புத்தூர் அண்ணன். "காசும் வாங்கிட்டு எடமும் இல்லைன்னா அது அராஜகமுங்க" என்று. மூலத்தில் அது ராஜா இல்லாத நிலை. தசரதன் இறந்து, ராமன் காட்டுக்குப் போய், பரதன் ஊரில் இல்லாத அந்த இடைவெளியில் ராஜா இல்லாத நாடு என்ன ஆகும் என்று பெரியவர்கள் வசிஷ்டரிடம் வரிசையாகச் சொல்கிற இடம் வால்மீகியில் உண்டு. தமிழில் அது தலைகீழாகிவிட்டது. இங்கே அராஜகம் பண்ணுவது பெரும்பாலும் ராஜா மாதிரி நடக்கிறவர்தான், அதிகாரத்தில் இருப்பவர், ஆள்பலம் உள்ளவர். தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்கிற பழமொழியில் இரண்டு பொருளும் கைகோத்து நிற்கின்றன, கேட்கிறவர் இல்லாததும் அதனால் ஒருவர் துள்ளுவதும். அண்ணன் அந்தச் சொல்லால் குழுவைக் குற்றம் சாட்டினார், அவர் இடத்தில் நானும் சாட்டியிருப்பேன். குழுவின் நோட்டில் குழுவே அதை எழுதிக்கொள்ளாது.

இப்படி ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பார்த்ததில் கடைசியில் எனக்கு உதவியது பெயர்ச்சொல் இல்லை, பின்னால் வருகிற வினைச்சொல். செய்து பாருங்கள். ரகளை பண்ணினான், கலாட்டா பண்ணினான், அராஜகம் பண்ணுகிறான்: ஆள் வந்துவிட்டான். அமளியில் ஈடுபட்டனர்: கூட்டம் வந்தது, பெயர் இல்லை. கலவரம் மூண்டது, வெடித்தது: தீ மாதிரி தானாகவே. குழப்பம் நிலவியது: பனி மாதிரி. அலங்கோலமாகக் கிடந்தது: ஆளே இல்லை. குளறுபடி மட்டும் இரண்டு பக்கமும் போகும், "குளறுபடி பண்ணிட்டான்" என்று வீட்டில் சொல்லலாம், "குளறுபடி நேர்ந்தது" என்று நோட்டில் எழுதலாம். செய்தவனுக்குத் தெரியும், மற்றவர்கள் விரலை நீட்ட வேண்டியதில்லை.

சேமியாவுக்கு? அதற்குப் பன்னிரண்டில் ஒன்றும் இல்லை, வெளியிலிருந்து ஒன்றை எடுத்தேன். தள்ளுமுள்ளு. தேர்த் திருவிழாவிலும் ரேஷன் கடை வரிசையிலும் நடப்பது. அந்தச் சொல்லில் ஒருவர் தள்ளினால் இன்னொருவரும் தள்ளியிருக்கிறார், யார் முதலில் என்று அது சொல்லாது. கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: "சாப்பாட்டுச் சீட்டு எண்களில் நேர்ந்த குளறுபடியால் இரண்டாம் பந்தியில் சிறிது நேரம் தள்ளுமுள்ளு ஏற்பட்டது. பாயசம் ஒரு வாளி வீணானது."

கூட்டத்தில் படித்தேன். தம்பி கையைத் தூக்கினான். "அக்கா, 'அச்சுக் குளறுபடி'ன்னு போட்டுக்கலாமா?" ஒரே ஒரு சொல், பழி அச்சகத்துக்குப் போய்விடும்; கெட்டிக்காரன்தான். நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி, "ஏலே, நீ குடுத்தத தானல அவன் அடிச்சான்" என்றார். தம்பி கையெழுத்துப் போட்டான். கோயம்புத்தூர் அண்ணன் நோட்டை வாங்கித் தானே ஒரு தடவை படித்தார். "தள்ளுமுள்ளுன்னா ரெண்டு பக்கமும்தானுங்களே?" "ஆமாங்கண்ணா, ரெண்டு பக்கமும்தான்." அவரும் போட்டார்.

எதிர்வீட்டம்மா என் பக்கம் சாய்ந்து என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சீட்டு கலாட்டெ என்று சொன்னேன்.

"அஷ்டேனா?" என்றார். அவ்வளவுதானா என்று.